ஓட ஓடச் சரிவரும்

நேற்றுப் பின்னேரம் ஏ9 வீதியில், கொடிகாமம் சந்தை கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் என்னை முந்திக்கொண்டு போனது. பெட்டி நிறையத் தேங்காய். தேங்காய்க்கு மேல் ஒரு பொடியன். முந்தி முடிக்க அதற்குக் கனநேரம் எடுத்தபடியால், பொடியனுக்கு ஆறுதலாக நோய் பார்க்க வசதியாய்ப் போய்விட்டது. குனிந்து என் இஞ்சினைப் பார்த்தான், சைலன்சரைப் பார்த்தான், கடைசியாக என் முகத்தைப் பார்த்தான்.

"ஐயா, காபரேற்றர் அடைச்சிருக்குப் போல. ஒருக்கா முறுக்குங்கோ பாப்பம்."

முந்தியதை மன்னித்துவிட்டேன். தேங்காய்க்கு என்ன அவசரமோ. முறுக்கச் சொன்னதுதான் இன்னும் செமிக்கவில்லை. ஏனென்றால், அந்த நேரம் நான் முழுதாக முறுக்கிக்கொண்டுதான் போய்க்கொண்டிருந்தேன்.

நான் ஏறியிருந்தது ஒரு ரூ ஸ்ரோக் டேர்ட் பைக். 125 சிசி, ஜப்பான் செய்தது, முன் மட்கார்ட் ரயரில் இருந்து ஒரு முழம் மேலே நிற்கிற சாதி. 2022 இல் மகன் வெளிநாடு போனபோது விட்டுவிட்டுப் போனது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் வந்ததே, அந்தக் காலத்தில் விறாந்தை மூலையில் சாத்தியதுதான். பிறகு பெற்றோல் வந்தது, மகன் வரவில்லை. இந்த வயதில் உனக்கு எதற்கடா டேர்ட் பைக் என்று கேட்க விரும்புபவர்கள் வரிசையில் வரவும். வரிசையின் தலைப்பில் என் மனைவி நிற்கிறார். சீற் உயரம் காரணமாக நான் மதவில் ஏறி நின்றுதான் அதில் ஏறுவது வழக்கம். இறங்குவதற்கும் மதவு வேண்டும். ஆகவே மதவு இல்லாத இடங்களில் எனக்கு அலுவல் எதுவும் வைத்துக்கொள்வதில்லை.

ஒழுங்காகச் சொன்னால், கராச்சில் வேலைக்கு விட முதல் அது புகைத்தது, ஆனால் ஓடியது. வேலை முடிந்து வந்த பிறகு புகைக்கவில்லை. கழற்றி, சிலிண்டரை லேத்துக்குக் கொண்டுபோய்ப் போர் பண்ணி, 0.50 ஓவர்சைஸ் பிஸ்ரன் போட்டு, புது ரிங்ஸ், புது கஸ்கற் எல்லாம் வைத்துத் துடைத்துத் தந்தார்கள். கராச்சின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லியும் பிரயோசனம் இல்லை. உங்கள் ஊர்க் கராச்சிலும் உங்களுக்கு அதே வசனத்தைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"இழுவை காணாதே தம்பி?"

"ஓட ஓடச் சரிவரும் ஐயா."

இதில் ஒரு சின்ன உண்மை இருக்கிறது, அதுதான் வில்லங்கம். புதிதாகப் போர் பண்ணிய சிலிண்டரில் ரிங்ஸ் உராய்ந்து உட்காரக் கொஞ்சத் தூரம் ஓடத்தான் வேண்டும். அதுவரை இஞ்சின் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். கொஞ்சம் வலு குறையும். கொஞ்சம். ஏற்றத்தில் தயங்குகிற அளவு கொஞ்சம். சமதரையில் தேங்காய்க்கு வழிவிடுகிற அளவு இல்லை. அது வேறு நோய்.

என்ன நோய் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முதல் இந்த முறுக்கல் விசயத்தைப் பேசித் தீர்க்க வேண்டும்.

ஒரு மோட்டார் சைக்கிள் இழுக்கவில்லை என்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லிப் பாருங்கள். நாலு பேரும் ஒரே மாதிரித் தலையைச் சரித்து, கண்ணை அரைவாசி மூடி, "ஒருக்கா முறுக்கும் பாப்பம்" என்பார்கள். நீங்கள் முறுக்குவீர்கள். அது அலறும். அவர்கள் கை காட்டி நிற்பாட்டுவார்கள். பிறகு ஒரு மௌனம். நாதஸ்வரக் கச்சேரியில் முன்வரிசையில் இருக்கிற பெரியவர் சுருதி பிசகியதைக் கண்டுபிடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லாமல் வைத்திருப்பாரே, அந்த மௌனம். அதற்குப் பிறகு தீர்ப்பு: "ரைமிங்." அடுத்தவர்: "சேச்சே, ஜெற்." மூன்றாமவர் சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்தபடி, "கொம்பிறசன் நல்லாத்தான் இருக்கு" என்பார். சைலன்சர் வாயில் கை வைத்துக் கொம்பிறசன் பார்க்கலாம் என்றால், கொம்பிறசன் கேஜ் என்று ஒன்றை உலகத்தில் ஒருவன் செய்து விற்றிருப்பானா?

கியர் போடாமல் நிற்கிற பைக்கை முறுக்கினால் இஞ்சின் இழுப்பது தன்னைத்தானே. அதற்கு வலு தேவையில்லை. அரை உயிரில் கிடக்கிற இஞ்சினும் சும்மா நிற்கும்போது வானத்தைப் பிளக்கும். என்னையும், எதிர்க்காற்றையும், சங்கிலியையும், பின் சில்லையும் சேர்த்து இழுக்கும்போதுதான் உண்மை வெளியே வரும். ஆகவே நிற்பாட்டி வைத்து முறுக்கிப் பார்ப்பதால் தெரிய வருவது ஒன்றே ஒன்றுதான்: முறுக்குகிற கேபிள் அறவில்லை. இதோடு, ரிங்ஸ் உட்காராத புது இஞ்சினை, அதுவும் எங்கேயோ காற்று இழுக்கிறதோ என்று சந்தேகப்படுகிற இஞ்சினை, சுமையில்லாமல் அலறவிட்டால் பிஸ்ரன் சூடேறி விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளவும் கூடும். இதை நான் ஒவ்வொருவருக்கும் விளக்குகிறேன். ஒவ்வொருவரும் பொறுமையாகக் கேட்கிறார்கள். கேட்டு முடித்து, "அது சரி, ஒருக்கா முறுக்கும்" என்கிறார்கள்.

ரயில்வேயில் இருந்து இளைப்பாறிய ஒரு அண்ணை இருக்கிறார். இஞ்சின் சத்தத்தை வைத்தே எந்தப் பெயாரிங் என்று சொல்லுவாராம். எங்கள் ஸ்ரேசனுக்கு 1990 இல் நின்ற ரயில் 2014 இல்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் எதைக் கேட்டுக் காதைப் பழக்கத்தில் வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. வயதுக்கு மூத்தவர். அவருடைய தீர்ப்பு, பின் பெயாரிங். எதற்குப் பின் என்று சொல்லவில்லை.

கனடாவில் இருக்கிற மைத்துனர் வட்ஸ்அப்பில் சத்தத்தை அனுப்பச் சொன்னார். முறுக்கி அனுப்பினேன். ஸ்காபரோவில் இருந்து குரல் செய்தி வந்தது: "அத்தான், இது இஞ்ச எண்டா முழு இஞ்சினையும் தூக்கி எறிஞ்சுபோட்டுப் புதுசு போடுவாங்கள்." பனி கொட்டுகிற சத்தமும் பின்னால் கேட்கிற மாதிரி இருந்தது. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துச் சொல்லியிருப்பார். பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இதை வித்துப்போட்டு ஒரு ஸ்கூட்டி எடுங்கோவன்" என்றார். எல்லோர் தீர்ப்பிலும் அதுதான் நியாயமானது. அவர் ஒருவர்தான் முறுக்கச் சொல்லவும் இல்லை.

சந்தையில் தேங்காய் வாங்கி விற்கிற ஒருவர், 2ரி ஓயிலைக் கூட்டிக் கலக்கச் சொன்னார். புது ரிங்ஸ்தானே, வழுக்கலாக இருக்கட்டுமாம். நல்ல மனது. ஆனால் போத்தலில் ஓயில் கூடினால் அந்தளவுக்குப் பெற்றோல் குறைகிறது. காபரேற்றர் ஜெற்றின் ஓட்டையோ அதே ஓட்டை. ஆகவே இஞ்சினுக்குப் போகிற கலவை இன்னும் வரண்டுதான் போகும். இதைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, தேங்காய் எண்ணெய் விட்டால் என்ன என்றார். பழைய காலத்து ரேஸ் வண்டிகள் ஆமணக்கெண்ணெயில் ஓடியது உண்மை. அந்த வாசனைக்கென்றே பந்தயத்துக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் தேங்காய் எண்ணெய் என்று சொன்னவர் தேங்காய் வியாபாரி. ஆலோசனைக்கும் ஆலோசகருக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இவர்கள் எல்லோரையும் விடப் பெரிய சாதி ஒன்று இருக்கிறது. மண்ணெண்ணெய்ச் சாதி.

அறுபது வயது தாண்டிய எந்த யாழ்ப்பாணத்து ஆம்பிளையிடமும் இஞ்சின் பற்றி வாய் திறக்க முடியாது. 90களின் பொருளாதாரத் தடையில், பெற்றோல் சொட்டு மருந்துபோல விற்ற காலத்தில், அவர் மண்ணெண்ணெயில் ஓடியவர். கொஞ்சம் பெற்றோல் விட்டு உதைத்து எழுப்பி, இஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வெள்ளைப் புகைக்குள் தலை மட்டும் தெரிய, மனைவி, பிள்ளைகள், மாமியார், மாமியாரின் உரல் என்று 95 இடப்பெயர்வில் இதே கொடிகாமம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தவர். இதில் பகிடி இல்லை. என் வீட்டிலும் அப்படி வந்து இறங்கியவர்கள் இருந்தார்கள். மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது, ஒக்ரேன் குறைவு, இஞ்சின் தட்டும், பிளக் கரி பிடிக்கும், எரியாமல் கசிந்து கீழே ஓயிலோடு கலக்கும். இவ்வளவும் தெரிந்துகொண்டு, பார்ட்ஸ் இல்லாமல், கேஜ் இல்லாமல், காது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். அளக்க எதுவும் இல்லாத காலத்தில் காதுதான் கேஜ். மாற்ற எதுவும் இல்லாத காலத்தில் "ஓட ஓடச் சரிவரும்" என்பதைவிட வேறென்ன சொல்ல?

ஆனால் தடை போய் வருடம் எத்தனை. பாதை திறந்து, ரயில் வந்து, யாழ்ப்பாணத்தில் எந்தச் சாமான் கடையிலும் ஃபீலர் கேஜ் தொங்குகிறது. வசனம் மட்டும் அப்படியே நிற்கிறது. "மண்ணெண்ணெயில ஓடின எங்களுக்கு நீர் கேஜ் காட்டுறீரோ?" என்று ஒருவர் கேட்டார். காட்டத்தான் செய்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, அதன் மெல்லிய தகட்டால் பல் குத்தினார்.

காது பற்றிய இந்த நம்பிக்கைக்கு மறுமொழியாக நான் ஒரு ஜெர்மன்காரரை வைத்திருக்கிறேன். யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

வால்டர் காடன் என்று ஒருவர், கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பனியின் பந்தயப் பிரிவில் இருந்தவர். இந்த மாதிரி ரூ ஸ்ரோக் இஞ்சினின் சிலிண்டர் தலையில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள், பிஸ்ரனே அவற்றைத் திறந்து மூடுகிறது. ஆகவே புகை வெளியே போகிற நேரத்தில் புதிதாக வந்த பெற்றோலும் கூடவே ஓடிவிடும். காடன் சைலன்சரின் வயிற்றை ஊதவைத்துப் பின்னால் ஒடுக்கினார். புகை கிளப்புகிற அழுத்த அலை அந்த ஒடுக்கத்தில் முட்டித் திரும்பி வந்து, தப்பி ஓடப் பார்க்கிற பெற்றோலைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளும். சரியான நேரத்துக்கு வந்தால் மட்டும். அந்த நேரத்தை அவர் தலையைச் சரித்து, கண்ணை மூடிக் கேட்டுப் பிடிக்கவில்லை. ஒசிலோஸ்கோப் வைத்து அளந்தார். 1961 இல் அவருடைய 125 சிசி இஞ்சின் 25 குதிரை வலு கொடுத்தது. ஒரு லீற்றருக்கு 200 என்ற கணக்கு. என்னுடையதும் 125 சிசிதான். அது இப்போது எத்தனை குதிரை என்று கேட்காதீர்கள். ஒரு மாடு இருக்கலாம்.

அதே 1961 இல், சுவீடனில் நடந்த பந்தயத்தோடு காடனின் ஓட்டக்காரர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குப் பக்கம் தப்பிவிட்டார். மனைவி பிள்ளைகள் ஒரு காரின் பின்பெட்டிக்குள் ஒளிந்து எல்லை தாண்டினார்கள். டெக்னர் போய்ச் சேர்ந்தது ஜப்பானுக்கு, சுசூக்கியிடம். அடுத்த வருடம் 50 சிசி உலகப் பட்டம் சுசூக்கிக்கு, ஓட்டியவர் டெக்னர். ஒரு சைலன்சரின் வளைவு இரகசியத்தோடு ஒரு மனிதன் நாட்டையே விட்டு ஓடியிருக்கிறான். என்னுடைய சைலன்சருக்குள் கரி எவ்வளவு என்று பார்க்கக் கழற்றுங்கோ என்று கேட்டதற்கு, "அதுக்குள்ள ஒண்டும் இருக்காது ஐயா" என்று வெளியில் இருந்தபடியே தட்டிப் பார்த்துச் சொன்னார்கள். தட்டிய சத்தம் நல்லாயிருந்ததாம்.

நோய்க்கு வருவோம். வரிசையாகப் பார்க்க வேண்டியவை பெரிய இரகசியம் இல்லை. இஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் நழுவுகிறது. சில்லைத் தூக்கிச் சுழற்றி உடனே நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. என்னுடையதில் இரண்டும் இல்லை. பிளக்கைக் கழற்றினால் கறுப்பும் ஈரமும் என்றால் கலவை கூட, வெள்ளை என்றால் வரட்சி. என்னுடையது வெள்ளை. பிஸ்ரன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். பிளைவீலுக்குள் அரைநிலா மாதிரி ஒரு சின்னக் கீ இருக்கிறது. அது நசிந்தால் ரைமிங் நகர்ந்துவிடும். காபரேற்றருக்குப் பின்னால் ரீட் வால்வு. அதன் மெல்லிய இதழ் நுனி உடைந்தாலே இழுவை போய்விடும். இவை எல்லாம் கண்ணால் பார்க்கக் கூடியவை, பார்த்தாயிற்று.

மிஞ்சி நிற்பது கிராங்கின் இரண்டு பக்கமும் உள்ள ஓயில் சீல். ரூ ஸ்ரோக்கில் கிராங் பெட்டிதான் பம்ப். பெற்றோல் கலவை முதலில் அங்கே வந்து அமுங்கித்தான் மேலே போகிறது. நீண்ட நாள் ஓடாமல் நின்ற இஞ்சினில் ரப்பர் காய்ந்து இறுகிவிடும். மேலே புது பிஸ்ரன், புது ரிங்ஸ் என்று இழுக்கிற வலு கூடக்கூட, கீழே காய்ந்த சீல் வழியாகக் காற்று உள்ளே வரும். மேலே அலங்காரம் செய்தவர்கள் கீழே பார்க்கவில்லை என்பது என் சந்தேகம். சந்தேகம்தான். அளக்காமல் சொன்னால் எனக்கும் லாண்ட்மாஸ்ரர் பொடியனுக்கும் என்ன வித்தியாசம்?

அளப்பது சுலபம். காபரேற்றரைக் கழற்றி அந்த வாயையும், சைலன்சரைக் கழற்றி அந்த வாயையும் பழைய ரியூப் ரப்பரால் அடைத்து, 6 பீஎஸ்ஐ அளவுக்குக் காற்று அடித்துவிட்டு, ஊசி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் சவர்க்காரத் தண்ணீர் பூசி எங்கே குமிழி வருகிறது என்று தேட வேண்டும். சைக்கிள் பம்ப் இதற்குச் சரிவராது, அழுத்தம் எகிறிவிடும். ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. எனக்கு இரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, வட்ட முகம், கறுப்பு ரப்பர் பந்து. அதன் ஊசி 300 வரை போகும். 300 என்பது 6 பீஎஸ்ஐக்கு ஒரு மயிரிழை குறைவு. மனிதனுக்கு அந்த எண்ணிக்கை வந்தால் அம்புலன்ஸ். பைக்குக்கு அதுதான் ஆரோக்கியம்.

"இஞ்சாருங்கோ, அது உங்கட பிரஷர் பாக்கிறது" என்று மனைவி சொன்னார். என் பிரஷருக்குக் காரணமே இந்தப் பைக்தான், ஆகவே மூலத்திலேயே அளக்கிறேன் என்றேன்.

முற்றத்தில் வைத்து, இரண்டு வாயையும் அடைத்து, ரப்பர் பந்தை நசுக்கி ஊசியை 300 க்குக் கொண்டுவந்த நேரம் படலை திறந்தது. இருவர். ஒருவர் ரயில்வே அண்ணை. காபரேற்றர் ஒரு பேப்பரில் கிடக்கிறது. சைலன்சர் மாமரத்தில் சாய்ந்து நிற்கிறது. இஞ்சினின் வாயும் மூக்கும் ரப்பரால் கட்டியிருக்கிறது. அண்ணை சுற்றி வந்து பார்த்தார். தலையைச் சரித்தார்.

"ஒருக்கா முறுக்கும் பாப்பம்."

அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு வந்து பார்த்தால் ஊசி பாதிக்கு இறங்கியிருந்தது. பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எதற்கும் ஒருமுறை கருவியின் குழாயைப் பைக்கில் இருந்து கழற்றி, நுனியை நன்றாக மடித்துப் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்த்தேன். அப்போதும் இறங்கியது. கருவியே ஒழுகுகிறது. எவ்வளவு காலமாக ஒழுகுகிறதோ, என் பிரஷர் நல்லாயிருக்கு என்று இத்தனை நாளும் நான் நம்பியது எதை வைத்தோ, தெரியாது. கிளினிக்குக்குப் போனால் தெரியும். அதற்கும் பைக் ஓட வேண்டும்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தென்மராட்சியில் யாரிடமாவது 300 வரை ஏறி அங்கேயே நிற்கிற பிரஷர் கருவி இருந்தால் ஒரு நாளைக்குத் தந்து உதவுங்கள்; துடைத்துத் திருப்பித் தருவேன். கருவி இல்லாதவர்களும் வரலாம், தேத்தண்ணி உண்டு. முறுக்குகிற கேபிளை மட்டும் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன்.